ஹோலோகிராம் சரியாக இருந்தும் டோனர் கார்ட்ரிட்ஜ் போலியாக இருக்குமா? எப்படி உறுதி செய்வது?

கேள்வி: சாம்பல்படலம்

லேசர் பிரிண்டருக்கு மொத்தமாக வாங்கிய ஆறு டோனர் (மைத்தூள்) கார்ட்ரிட்ஜில் முதல் இரண்டும் சரியில்லை. பக்கம் முழுக்க லேசான சாம்பல் படலம். சுமார் 75 மி.மீ. இடைவெளியில் ஒரே கரும்புள்ளி திரும்பத் திரும்ப விழுகிறது. கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தால் கையெல்லாம் தூள். பெட்டி, ஹோலோகிராம், மாடல் எண் எல்லாம் ஒரிஜினல் போலத்தான் இருக்கின்றன. விற்றவர் பிரிண்டரில்தான் கோளாறு என்கிறார். மீதி நான்கையும் இன்னும் பிரிக்கவில்லை. போலி என்று அடித்துச் சொல்ல எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: டிரம்ரோலர்

முதலில் அந்த 75 மி.மீ. கணக்கு. சிறிய லேசர் பிரிண்டர்களில் டிரம்மின் (தூளைத் தாளில் பதிக்கும் உருளை) விட்டம் பெரும்பாலும் 24 மி.மீ. அதை 3.14ஆல் பெருக்கினால் 75. (30 மி.மீ. டிரம் என்றால் 94 வரும்.) டிரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் அதே காயம் தாளில் பதிகிறது. உங்கள் மாடலில் டிரம் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருந்தால், கோளாறு பிரிண்டரில் இல்லை என்பதற்கு இது முதல் ஆதாரம்.

உறுதி செய்ய ஒரு சோதனை: ஒரு பக்கத்தை அச்சிடக் கொடுத்து, தாள் பாதி போனதும் கதவைத் திறந்து நிறுத்துங்கள். ஃபியூசருக்குள் (தூளைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டும் பாகம்) போகாத பகுதியில் தூள் இன்னும் உருகாமல் இருக்கும், விரல் படாமல் எடுங்கள். அங்கேயே புள்ளி இருந்தால் ஃபியூசருக்கு இதில் பங்கில்லை. பிறகு நன்றாக ஓடுகிற வேறு ஒரு கார்ட்ரிட்ஜைப் போட்டு அதே பக்கத்தை அச்சிடுங்கள். சுத்தமாக வந்தால் விற்றவரின் வாதம் அதோடு முடிந்தது.

இதுவரை தெரிந்தது கார்ட்ரிட்ஜ் கெட்டது என்பது மட்டும்தான். 'புதிது' என்று விற்றது பழையதா என்பதை அதன் உடம்பில் தேட வேண்டும். இந்த வகைப் போலிகளில் பல, ஏற்கெனவே ஓடி முடிந்த ஒரிஜினல் கூட்டில் தூளை நிரப்பி, புதுப் பெட்டியில் போட்டவை. மாடல் எண், பிளாஸ்டிக் வார்ப்பு எல்லாம் அதனால்தான் அச்சு அசலாக இருக்கின்றன. கூடு நிஜமாகவே ஒரிஜினல்!

கவனிக்க வேண்டியவை: பக்கவாட்டு மூடியைப் பிடித்திருக்கும் ஊசிகளைச் சுற்றித் துளையிட்ட தடம், திருகுகளின் தலையில் ஸ்க்ரூடிரைவர் சறுக்கிய கீறல், இணைப்புக் கோட்டில் பசை அல்லது சிலிகோன், தூள் நிரப்பப் போட்ட ஓட்டையை மூடிய பிளாஸ்டிக் அடைப்பு. கார்ட்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் சிறு மின்னணு சிப்பின் தங்க நிறத் தகடுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பல கோடுகள் விழுந்திருந்தால் அது ஏற்கெனவே பிரிண்டருக்குள் போய் வந்தது. டிரம்மின் இரு ஓரங்களில் தேய்ந்த வளையம் தெரிந்தாலும் அதே அர்த்தம். டிரம்மைத் தொடாதீர்கள், வெளிச்சத்தில் அதிக நேரம் வைக்கவும் கூடாது.

தூள் ஏன் கொட்டுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். டிரம்மில் மிஞ்சும் தூளை வைப்பர் பிளேடு சுரண்டிக் கழிவுத் தொட்டிக்குள் தள்ளும். அவசரமாக நிரப்புகிறவர்கள் அந்தத் தொட்டியைக் காலி செய்வதில்லை, பிளேடையும் மாற்றுவதில்லை. தொட்டி நிரம்பியதும் தூள் வழிகிறது. சாம்பல் படலத்துக்குப் பெரும்பாலும் தேய்ந்த டிரம் அல்லது அந்த எந்திரத்துக்குப் பொருந்தாத தூள் காரணம்.

பதில்: சிப்பும்எண்ணும்

டிரம்ரோலர் சொன்னதோடு இன்னொன்று. பிரிண்டரிலேயே 'சப்ளைஸ் ஸ்டேட்டஸ்' அறிக்கையை அச்சிடுங்கள், அல்லது பிரிண்டரின் ஐபி முகவரியை பிரவுசரில் கொடுத்து அந்தப் பக்கத்தைத் திறங்கள். பல மாடல்களில் கார்ட்ரிட்ஜின் வரிசை எண், முதலில் பொருத்திய தேதி, அதில் அச்சான பக்கங்கள் ஆகியவை வரும். இன்று பிரித்த கார்ட்ரிட்ஜில் பழைய தேதியோ சில நூறு பக்கங்களோ இருந்தால் மேற்கொண்டு விவாதமே வேண்டாம்.

ஆனால் பூஜ்யம் பக்கம் என்று காட்டினால் ஒரிஜினல் என்று முடிவு கட்டாதீர்கள். புது சிப் ஒட்டினால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இரண்டு கார்ட்ரிட்ஜின் வரிசை எண்களை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றே என்றால் சிப் நகலெடுக்கப்பட்டது. எச்பி 12ஏ போன்ற பழைய கார்ட்ரிட்ஜுகளில் சிப்பே கிடையாது. அவற்றில் பிரிண்டரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது, கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

ஹோலோகிராமைப் பொறுத்தவரை 'மினுங்குகிறது' என்பது சோதனை ஆகாது. எச்பியின் ஒரு வகை லேபிளில், பெட்டியை முன்னும் பின்னும் சாய்த்தால் ஓகே எழுத்தும் டிக் குறியும் எதிரெதிர்த் திசையில் நகர வேண்டும். இடமும் வலமுமாகத் திருப்பினால் ஒரே திசையில் ஒன்றன்பின் ஒன்றாக நகர வேண்டும். வெறும் பளபளப்புத் தாளில் இது நடக்காது. க்யூஆர் கோடு இருந்தால் அது எந்த இணையதளத்துக்குக் கூட்டிப்போகிறது என்று முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 'சரியானது' என்று பச்சை எழுத்தில் காட்டும் பக்கத்தை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம்.

பதில்: வெள்ளைப்பெட்டி

அவசரப்பட்டு எல்லாவற்றையும் போலி என்று சொல்ல வேண்டாம். சொந்தப் பெயரில் விற்கும் கம்பாட்டிபிள் (வேறு நிறுவனம் செய்த, பொருந்தும் கார்ட்ரிட்ஜ்) போலி அல்ல, ரீமேனுஃபாக்சர்ட் (பழைய கூட்டைப் புதுப்பித்தது) என்று வெளிப்படையாக எழுதி விற்பதும் அல்ல. அடுத்தவர் பெயரையும் பெட்டியையும் போட்டுக்கொண்டு வருவதுதான் போலி. பிரிண்டர் ஒரு கார்ட்ரிட்ஜை மறுத்தாலும் அது போலி என்று அர்த்தமில்லை. வேறு பிராந்தியத்துக்கென்று செய்த ஒரிஜினலும், பாதுகாப்பு அமைப்பால் வேறொரு பிரிண்டருடன் பூட்டப்பட்ட ஒரிஜினலும் அப்படித்தான் மறுக்கப்படும். எச்பியில் மாடல் எண் 'எக்ஸ்சி' என்று முடிகிற ஒப்பந்தக் கார்ட்ரிட்ஜுகள் சாதாரணப் பெட்டியில் வருகின்றன, அவையும் அசல்தான்.

பக்க எண்ணிக்கையிலும் அதே நிதானம் தேவை. பெட்டியில் போட்டிருப்பது ஐஎஸ்ஓ/ஐஇசி 19752 முறைப்படி, ஒரு பக்கத்தில் சுமார் 5 சதவீதம் மை படும் கணக்கு. உங்கள் பக்கங்களில் 10 சதவீதம் பட்டால் பாதிதான் வரும். குறைவாக ஓடியது என்பதை மட்டும் வைத்துப் புகார் கொடுத்தால் நிற்காது.

சாம்பல்படலம்

நன்றி. பாதித் தாள் சோதனையில் ஃபியூசருக்கு முன்பே புள்ளி இருக்கிறது. இரண்டு கார்ட்ரிட்ஜிலும் ஒரே வரிசை எண்! சிப் தகடுகளில் கீறலும் உண்டு. மீதி நான்கையும் பிரித்துப் பார்க்கலாமா?

பதில்: டிரம்ரோலர்

பிரிக்காதீர்கள். முத்திரை உடையாத பெட்டிகள்தான் உங்கள் கையில் இருக்கும் வலுவான சான்று. ஆறு பக்கமும் படம் எடுங்கள். லேபிள், லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், வரிசை எண் தனித்தனியாகத் தெளிவாகத் தெரிய வேண்டும். சமையலறைத் தராசில் பெட்டியோடு எடை போட்டுக் குறித்து வையுங்கள். நல்ல இடத்தில் வாங்கிய அதே மாடல் பிரிக்காத பெட்டி கிடைத்தால் அதையும் நிறுத்து ஒப்பிடலாம். பில், டெலிவரி சீட்டு, விற்றவருடன் நடந்த எழுத்துப் பரிமாற்றம் எல்லாவற்றையும் சேர்த்து, அந்த பிரிண்டர் நிறுவனத்தின் போலித் தடுப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். பெரும்பாலான பெரிய நிறுவனங்களின் இணையதளத்தில் இதற்குப் படிவம் இருக்கிறது. 'எல்லாவற்றையும் கொடுங்கள், மாற்றித் தருகிறேன்' என்று விற்றவர் சொன்னால், அந்தப் பிரிவின் பதில் வரும்வரை கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டால் அதே சரக்கு வேறொருவர் மேசைக்குப் போகும்.

இந்த இரண்டையும் இனி ஓட்டவும் வேண்டாம். உருகுநிலை பொருந்தாத தூள் ஃபியூசரில் ஒட்டிக்கொண்டால் கார்ட்ரிட்ஜை மாற்றிய பிறகும் கறை வந்துகொண்டே இருக்கும். அச்சிட்ட கருப்புப் பகுதியை மடித்து விரலால் தேய்த்துப் பாருங்கள், தூள் உதிர்ந்தால் சரியாக உருகவில்லை.

பதில்: சிப்பும்எண்ணும்

இன்க்ஜெட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹெட் (மையைத் தெளிக்கும் பாகம்) கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும் வகை என்றால் போலி மையால் வரும் பழுது கார்ட்ரிட்ஜோடு போயிற்று. எப்சன் போல ஹெட் பிரிண்டரில் நிரந்தரமாக இருந்தால், நாசில் (மை வரும் நுண்துளை) அடைத்துக்கொள்ளும்போது பழுது பிரிண்டருக்கே. கருப்பு மை பிக்மெண்ட் (தண்ணீரில் கரையாத நிறத்துகள்) வகை என்று நிறுவனம் சொல்லியிருந்தால், அச்சிட்டு ஒரு நாள் காயவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நன்றாகப் பரவி ஓடினால் உள்ளே இருப்பது டை (தண்ணீரில் கரையும் சாயம்) மை. வண்ண மைகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது, பல ஒரிஜினல்களே டைதான்.

பதில்: வெள்ளைப்பெட்டி

அடுத்த முறை வாங்கும் ஆணையில் 'அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர் வழியாக வந்த, பிரிக்கப்படாத ஒரிஜினல். ஒன்று போலி என்றாலும் முழு லாட்டும் நிராகரிக்கப்படும்' என்று எழுதிவிடுங்கள். காலியானவற்றைப் பழைய சாமான்காரரிடம் போடாமல் நிறுவனத்தின் திரும்பப் பெறும் திட்டத்துக்கு அனுப்புங்கள். பெட்டியையும் லேபிளையும் கத்தியால் குறுக்கே கிழித்துவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். போலி செய்பவருக்குக் கிடைக்காமல் திண்டாடுவது தூள் அல்ல, நல்ல கூடும் நல்ல பெட்டியும்தான்.

சாம்பல்படலம்

அப்படியே செய்கிறேன். உள்ளே கொட்டிய தூளை வீட்டு வேக்யூம் கிளீனரால் உறிஞ்சலாமா?

பதில்: டிரம்ரோலர்

கூடாது. தூளின் ஒவ்வொரு துகளும் 5 முதல் 10 மைக்ரான்தான், சாதாரண வடிகட்டி வழியாக அறைக்குள்ளேயே திரும்பி வரும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பஞ்சு உதிராத உலர்ந்த துணியால் துடையுங்கள். கையிலோ உடையிலோ பட்டால் குளிர்ந்த தண்ணீர் மட்டும். வெந்நீர் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.