மூன்று நாளா, ஒன்பது நாளா? ஹெண்ட்ரிக்ஸ் மேடையில் வாசித்த பிறர் பாடல்கள்

தட்டுப்பெட்டி:
பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' இசைத்தட்டு வெளிவந்த மூன்றே நாளில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதன் தலைப்புப் பாடலை லண்டன் மேடையில் வாசித்துவிட்டார், அந்த ஒன்றே அவரை எல்லாக் கிதார் கலைஞர்களுக்கும் மேலே நிறுத்துகிறது என்று ஸ்ட்ராட்டோகாரன் நேற்று எழுதியிருந்தார். படித்து எரிச்சலே மிஞ்சியது. சாவில் அரங்கில் அந்தக் கச்சேரி 1967 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை நடந்தது; இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் தட்டு ஜூன் 1 அன்று வெளிவரும் என்று அறிவிக்கப்பட்டிருந்தபோதிலும், பிரிட்டன் கடைகளுக்கு மே 26 வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், ஒன்பது நாள். அதற்கும் முன்பே, மே 12 அன்று, கடலில் நின்ற கப்பலிலிருந்து ஒலிபரப்பிவந்த ரேடியோ லண்டன் முழுத் தட்டையும் ஒலிக்கவிட்டது. ஹெண்ட்ரிக்ஸை நானும் முப்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அவரைப் புகழப் பொய்க்கணக்கு தேவையில்லை.

ஸ்ட்ராட்டோகாரன்:
பொய் என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள், ஐயா. அன்று அந்த அரங்கில் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் அமர்ந்திருந்தார்கள். திரை விலகியதும் ஹெண்ட்ரிக்ஸ் அந்தப் பாடலை வாசித்தபடியே முன்னே நடந்து வந்தார் என்றும், தட்டு வியாழக்கிழமைதான் வெளிவந்திருந்தது என்றும், தமக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது என்றும் மெக்கார்ட்னியே நினைவுகூர்ந்திருக்கிறார். வியாழனிலிருந்து ஞாயிறு வரை மூன்று நாள். பாடலை எழுதியவரின் சொல்லைவிடத் தங்கள் விரல்கள் பெரிய சாட்சியா? தட்டில் நான்கு பிரெஞ்சு ஹார்ன்கள் ஒலிக்கின்றன. மேடையில் இருந்ததோ ஒரு கிதார், நோயல் ரெடிங்கின் பேஸ், மிட்ச் மிட்செலின் டிரம்ஸ் மட்டுமே. அந்த மூவரைக் கொண்டு அதை நிறைவாக ஒலிக்கச் செய்தவரின் திறமையைப் பேசாமல் நாட்காட்டியைப் பேசுகிறீர்கள்.

தட்டுப்பெட்டி:
மெக்கார்ட்னி பாட்டு எழுதியவர், நாட்காட்டி எழுதியவர் அல்லர். பல ஆண்டுகள் கழித்துச் சொல்லும் நினைவில் கிழமை மாறிப்போவது இயல்பு. மேலும் அது இரண்டு நிமிடப் பாடல். லிட்டில் ரிச்சர்டுக்கும் ஐஸ்லி சகோதரர்களுக்கும் பின்னால் நின்று, இரவுக்கு இரவு கேட்ட பாட்டை வாசித்துப் பழகிய ஒருவருக்கு அதைக் கற்க ஒரு பிற்பகல் போதும். ஒன்பது நாளில் வாசித்தார் என்று சொன்னால் அவருடைய பெருமை குறைந்துவிடுமா? குறையாது என்றால் மூன்றைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்குகிறீர்கள்?

நீலஇசை:
இருவரும் பீட்டில்ஸைவிட்டு வெளியே வர மாட்டீர்களா? ஹெண்ட்ரிக்ஸ் லண்டனுக்கு வந்து இறங்கி ஒரு வாரம் ஆனதும், 1966 அக்டோபர் 1 அன்று, ரீஜண்ட் தெரு பாலிடெக்னிக்கில் க்ரீம் குழுவின் மேடையில் ஏறி வாசித்த பாடல் சிகாகோவின் கறுப்பின ப்ளூஸ் பாடகர் ஹவுலின் வுல்ஃபின் 'கில்லிங் ஃப்ளோர்'. அந்தக் குழுவின் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் வாசிப்பதை நிறுத்திவிட்டு மேடையைவிட்டு இறங்கிப் போனார். அடுத்த ஆண்டு ஜூன் 18 அன்று கலிபோர்னியாவின் மாண்டரே இசைவிழாவில் அமெரிக்க மக்கள் முன் அவர் தொடங்கியதும் அதே பாடலில்தான். 1964இல் சிகாகோவில் பதிவான மூலத்தில் அந்தச் சுற்றிச் சுற்றி வரும் ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கும் கிதார் துணுக்கை, வாசித்த ஹியூபர்ட் சம்லினின் பெயரை இதுவரை யாரும் உச்சரிக்கவில்லை. ஹெண்ட்ரிக்ஸின் வேர் அங்கே இருக்கிறது. எத்தனை நாள் என்று கேட்டால், கில்லிங் ஃப்ளோருக்கு இரண்டு ஆண்டுகள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராட்டோகாரன்:
சம்லினை நான் மதிக்கிறேன். ஆனால் வுல்ஃபின் பதிவில் இருந்த நிதானம் ஹெண்ட்ரிக்ஸின் மேடையில் இல்லை. அவர் அதைப் பாய்ச்சலாக மாற்றினார். வேகம் மாறினால் பாடலே வேறு. ஆகவே அதை வுல்ஃபின் பாடல் என்று சொல்வதே எனக்கு ஒப்பில்லை.

நீலஇசை:
வேகத்தைக் கூட்டியவருக்குப் பாடல் சொந்தமாகிவிடும் என்றால் எழுதியவனும் வாசித்தவனும் தெருவில் நிற்க வேண்டியதுதான். இப்படித்தான் கறுப்பினக் கலைஞர்களின் உழைப்பு காலங்காலமாகப் பெயரில்லாமல் போயிற்று. ஹெண்ட்ரிக்ஸும் கறுப்பினத்தவர்தான் என்று சொல்லி என் வாயை அடைக்க வராதீர்கள், மேடையில் ப்ளூஸ் கலைஞர்கள் பி.பி. கிங், மடி வாட்டர்ஸ் ஆகியோரின் பாடல்களை வாசித்தவர் அவர். கடன் எங்கே என்று அவருக்குத் தெரியும், அவருடைய ரசிகர்களுக்குத்தான் தெரிவதில்லை.

பனிக்காலம்:
பாப் டிலனை யாரும் தொடவில்லையே என்று வருகிறேன். 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' 1967 டிசம்பர் இறுதியில் டிலனின் தட்டில் வந்தது. அடுத்த மாதமே ஹெண்ட்ரிக்ஸ் லண்டனின் ஒலிம்பிக் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதைப் பதிவுசெய்யத் தொடங்கிவிட்டார். டிலனின் பதிவில் அக்கூஸ்டிக் கிதாரும் ஹார்மோனிகாவும்தான் முன்னே நிற்கும். அந்த வறண்ட சின்னப் பாட்டுக்குள் ஒரு புயல் ஒளிந்திருப்பதை இவர் கேட்டார். 1974 முதல் டிலனே மேடையில் அதை ஹெண்ட்ரிக்ஸின் வழியில் மின்கிதாரோடு வாசித்து வந்தார். எழுதியவரே பிறர் வாசித்த வடிவத்துக்கு இடம் மாறினார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தட்டுப்பெட்டி:
தோழி, தாங்கள் சொல்வது ஒலிப்பதிவுக் கூடம். இங்கே பேசுவது மேடை. 1970 ஆகஸ்ட் இறுதியில் ஐல் ஆஃப் வைட் தீவில் அவர் வாசித்த வாட்ச்டவரைக் கேளுங்கள். கூடத்தில் அடுக்கடுக்காகச் சேர்த்த கிதார்கள் இல்லாமல், களைத்த கையோடு வாசித்தது. என் காதுக்கு அது தட்டின் பாதிக்குக்கூட வரவில்லை. அதே இரவில் சார்ஜன்ட் பெப்பர்ஸையும் வாசித்தார் என்பதால் தலைப்புக்குத் திரும்புகிறேன்: ஒன்பது நாள்.

பனிக்காலம்:
களைத்த கை என்று எழுதத் தங்களுக்கு எப்படி மனம் வந்தது? அடுத்த மாதம் 18ஆம் தேதி, 27 வயதில் அவர் இறந்துபோனார். அந்த இரவின் தளர்ச்சியையும் நான் முழுக்கக் கேட்கிறேன். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

நடுநிசிவானொலி:
டிலன் என்றதும் மாண்டரேயில் வாசித்த 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' நினைவுக்கு வருகிறது. நடுவே ஒரு சரணத்தை விட்டுவிட்டார். விட்டது தெரியும், கவலை வேண்டாம் என்று பாடலுக்குள்ளேயே கூட்டத்திடம் சொன்னார். ஒவ்வொரு சரணமும் அடுத்ததைத் தூக்கி நிறுத்தும் பாடலில் ஒன்றை உருவிவிட்டு அதை உயர்ந்த மறுவாசிப்பு என்று எப்படிச் சொல்வது?

ஸ்ட்ராட்டோகாரன்:
சரணத்தை எண்ணுகிறவர் ஒருவர், நாளை எண்ணுகிறவர் ஒருவர். அந்தத் தொடக்க கார்டுகள் அலையாக எழுந்து விழுவதைக் கேட்ட பிறகும் இப்படி எழுத முடிகிறதா? அவருக்குப் பல நாள் ஒத்திகை தேவைப்படவில்லை என்பதற்கு என்னிடம் வலுவான சான்று இருக்கிறது. 1969 ஜனவரி 4 அன்று பிபிசியில் பாடகி லூலுவின் நேரடி நிகழ்ச்சியில் 'ஹே ஜோ'வைப் பாதியில் நிறுத்திவிட்டு, கலைந்துபோன க்ரீம் குழுவுக்குக் காணிக்கையாக அவர்களுடைய 'சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்' பாடலை வாசித்தார். நிகழ்ச்சி நேரம் தாண்டியது. அந்த ரிஃப் பிறந்ததே, 1967 ஜனவரி 29 அன்று இதே சாவில் அரங்கில் ஹெண்ட்ரிக்ஸைக் கேட்டுவிட்டுப் போன க்ரீம் குழுவின் ஜாக் புரூஸின் மனத்தில்தான். நேரலையில் நினைத்த மாத்திரத்தில் பாடலை மாற்றுகிறவருக்கு மூன்று நாளே அதிகம்.

தட்டுப்பெட்டி:
அவர் சன்ஷைனை 1968 அக்டோபரிலேயே சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்டில் வாசித்திருக்கிறார். நினைத்த மாத்திரத்தில் என்பதும் தாங்கள் வளர்த்த கதையே. சென்ற ஆண்டு கிளாப்டன் பற்றிய விவாதத்தில் நான் தந்த ஒரு தேதியைத் திருத்தி, எல்லோர் முன்னும் என்னைச் சிறுமைப்படுத்தியவர் தாங்கள் என்பதை நான் மறக்கவில்லை. அன்று தேதி முக்கியமாக இருந்தது. இன்று தங்கள் முறை வந்ததும் நாட்காட்டி அற்பமாகிவிட்டது.

ஸ்ட்ராட்டோகாரன்:
அந்த ஆத்திரத்தில்தான் இந்த இழையே தொடங்கியது என்று இப்போது விளங்குகிறது. சரி, தேதியாலேயே பேசுவோம். அந்த மே மாதத்தின் பிற்பகுதியில் ஹெண்ட்ரிக்ஸ் ஜெர்மனி, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து என்று சுற்றிக்கொண்டிருந்தார். மே 29 அன்றுதான் இங்கிலாந்தின் ஸ்பால்டிங்கில் மேடையேறினார். லண்டன் கடைக்கு 26ஆம் தேதி தட்டு வந்தால், பிரிட்டனிலேயே இல்லாதவர் எந்தக் கடைவாசலில் நின்று வாங்கியிருப்பார்? தங்கள் ஒன்பது அங்கேயே உடைந்துவிட்டது.

நீலஇசை:
ஸ்பால்டிங் வரை போய்விட்டீர்கள், சிகாகோவுக்கு வர இன்னும் ஒருவருக்கும் நேரமில்லை.

தட்டுப்பெட்டி:
ஸ்பால்டிங்கிலிருந்து எண்ணினாலும் ஆறு நாள். மூன்று எங்கே?

ஸ்ட்ராட்டோகாரன்:
ஆறு என்று தாங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியானால் ஒன்பது தவறு என்று ஒப்புக்கொண்டீர்கள். எனக்கு அது போதும்.

தட்டுப்பெட்டி:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் கேட்டது தட்டு எப்போது வெளிவந்தது என்பது. ஹெண்ட்ரிக்ஸ் அப்போது எந்த ஊரில் இருந்தார் என்பதல்ல. தட்டு வெளிவந்தது மே 26. கச்சேரி ஜூன் 4. நாளை என் பெட்டியிலிருந்து, அவர் 1967 செப்டம்பர் 5 அன்று ஸ்டாக்ஹோமில் அதே பாடலை வாசித்த பதிவை எடுத்து மறுபடி கேட்டுவிட்டு, மூன்று மாத ஒத்திகைக்குப் பிறகு அந்த வாசிப்பு எப்படி இருந்தது என்று விரிவாக எழுதுகிறேன். அதுவரை, ஒன்பது.