முதற்பிரதியை யார் எழுதுவது? செயற்கை நுண்ணறிவோடு எமது அனுபவங்கள்

உயர்தர வகுப்புத் தமிழாசிரியை, கொட்டாஞ்சேனை

தமிழ்த் தினப் போட்டிகளுக்கு மாணவர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு நெடுங்காலமாக என்னிடம் இருக்கிறது. 2022 நவம்பர் 30 அன்று, கேட்டதை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியான சாட்ஜிபிடி வெளிவந்த புதிதில் அதன் தமிழ் தடுமாறியது. ஒருமை பன்மை மயக்கத்தைக் கொண்டே அதன் கையை அடையாளம் கண்டுவிடலாம். இன்று அது பெரும்பாலும் வழுவின்றி எழுதுகிறது. ஆகவே இது பிழை திருத்தும் விடயமாக இல்லாமற்போய், பிள்ளை என்ன கண்டாள், என்ன நினைத்தாள் என்ற இடத்திற்கு நகர்ந்துவிட்டது.

வெள்ளத்தைப் பற்றிய சிறுகதை ஒன்றை வீட்டில் எழுதி வருமாறு கூறியிருந்தேன். வெல்லம்பிட்டியிலிருந்து வரும் மாணவி ஒருத்தியின் கதையில் வானம் கறுத்தது, மக்கள் தவித்தார்கள், இன மத பேதமின்றி உதவிக் கரங்கள் நீண்டன, இறுதியில் மனிதநேயம் வென்றது. இயந்திரத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. "2016 மே மாதம் களனி கங்கை பெருகின நேரம் நீர் எங்கே இருந்தனீர்?" என்று மட்டும் கேட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள். வாசலில் தரை காய்ந்தபடியே இருக்க, குளியலறையில் தண்ணீர் வழிந்தோடும் துவாரத்தினூடாகத்தான் கறுப்புத் தண்ணீர் முதலில் கொப்பளித்து மேலே வந்ததாம். அம்மம்மா காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் சொப்பிங் பையில் சுற்றி அலுமாரியின் மேல் வைத்துவிட்டு, அரிசி வாளியைத் தூக்க மறந்துவிட்டாராம். அதற்காக இன்றைக்கும் வீட்டில் அவரைக் குறை சொல்கிறார்களாம்.

இதில் ஒரு வரிகூட அவள் கொண்டுவந்த கதையில் இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டபோது, "அதெல்லாம் கதைக்குச் சரிவராது டீச்சர்" என்றாள். என்னை வருத்துவது இந்த விடைதான். முன்னே வந்த சொற்களுக்குப் பின்னே எது வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே இந்த இயந்திரங்கள் எழுதுகின்றன. ஆதலால் வெள்ளம் என்றதும் உலகம் வெள்ளத்தைப் பற்றி வழக்கமாக எழுதியதே திரையில் வந்து நிற்கிறது. மெருகேறிய அந்த எழுத்தை முதலிலேயே பார்த்துவிட்ட பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் வீட்டு அரிசி வாளி எழுதத்தகாத அற்பமாகத் தோன்றிவிடுகிறது. களவாக எழுதினாள் என்பதைவிட, தன்னிடம் இருந்த கதையை அவள் கதையென்றே எண்ணவில்லை என்பதே பெரிய இழப்பு என்று நான் கருதுகிறேன்.

சிற்றிதழ் ஆசிரியர், வெள்ளவத்தை

ஆசிரியை தனியொரு பிள்ளையிடம் கண்டதை நான் கட்டுக்கட்டாகக் காண்கிறேன். எமது இதழுக்கு மலையகம், மட்டக்களப்பு, மன்னார் எனப் பல இடங்களிலிருந்தும் கதைகள் வருகின்றன. முன்பெல்லாம் உறையைப் பிரித்து முதற்பக்கத்தைப் படித்ததுமே எழுதியவர் எந்த ஊரவர் என்று ஓரளவு ஊகிக்க முடிந்தது. அண்மைக்காலத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் நிகழும் கதையிலும் மீன்பிடிக் கிராமத்துக் கதையிலும் ஒரே ஆள் ஒரே குரலில் பெருமூச்சு விடுகிறார்.

அனில் டோஷியும் ஒலிவர் ஹவுசரும் 2024இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு எனக்கு இந்த நிலையை விளங்கவைத்தது. செயற்கை நுண்ணறிவு தந்த கருக்களைக் கொண்டு எழுதப்பட்ட மிகச் சிறிய கதைகளை வாசகர்கள் கூடுதலாக மெச்சினார்கள். படைப்பாற்றல் குறைந்தவர்களுக்கே அதனால் நன்மை அதிகமாகக் கிடைத்தது. ஆனால் அந்தக் கதைகள் ஒன்றையொன்று கூடுதலாக ஒத்திருந்தன. தனியொருவருக்கு இலாபமாவது மொத்த இலக்கியத்திற்கு நட்டமாகிறது என்பதால், கதையை அனுப்புகிறவருக்கு அந்த நட்டம் தெரிவதேயில்லை. அத்தனை கதைகளையும் ஒருசேர வாசிக்கிறவர் கண்ணுக்குத்தான் அது தெரிகிறது.

இப்பொழுது கதையைத் தெரிவு செய்வதற்கு முன் எழுதியவருடன் தொலைபேசியில் கதைக்கிறேன். மகன் ஏன் தகப்பனின் சைக்கிளை விற்றான் என்று கேட்டால், சொந்தமாக எழுதியவர் என்னோடு சண்டைக்கே வந்துவிடுவார். மற்றவர் கதையைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறுவார்.

பாடசாலை விவாத அணிப் பயிற்சியாளர், பம்பலப்பிட்டி

எமது அணியில் ஒரு நாள் நிகழ்ந்ததை மட்டும் சொல்கிறேன். பாடசாலைகளில் கைத்தொலைபேசியைத் தடைசெய்வது பற்றிய விவாதத்திற்குப் பிள்ளைகள் இயந்திரத்திடமிருந்து வாதங்களைப் பெற்று வந்திருந்தார்கள். அவற்றைத் திரையிலிட்டு, "இது பிழை" என்று மட்டும் தட்டச்சுச் செய்யச் சொன்னேன். காரணம் எதையும் கொடுக்கவில்லை. அது உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முன்பு சொன்னதற்கு நேரெதிரான நிலைப்பாட்டை அதே உறுதியோடு எடுத்துரைத்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் பின்வரிசையிலிருந்த ஒருவன், "அப்படியென்றால் சேர், முதலில் சொன்னதை நாங்கள் எதை வைத்து நம்பினோம்?" என்று கேட்டான். நான் வாரக்கணக்கில் விளக்க முயன்றிருக்கக்கூடிய ஒன்றை அவன் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டான்.

இயந்திரத்தை வகுப்பிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் வாதம் புரிய ஆளில்லாத பிள்ளைக்கு அது சளைக்காத எதிரணியாகப் பயன்படுகிறது. நாங்கள் வரிசையை மாற்றிக்கொண்டோம். வாதத்தை முதலில் பிள்ளைகள் தாளில் கையால் எழுத வேண்டும், அதன் பிறகே அதை மறுக்குமாறு இயந்திரத்திடம் கேட்கலாம். வருகிற மறுப்புகளில் எதை ஏற்கிறோம், எதைத் தள்ளுகிறோம், ஏன் என்பதைத் தாளின் ஓரத்தில் எழுத வேண்டும். புள்ளிகளை நான் அந்த ஓரக் குறிப்புகளுக்கே வழங்குகிறேன்.