மும்மூர்த்திகளைத் தாண்டி யாரைக் கேட்பது: புதுப்பிப்பு

போன மாதம் கேட்டிருந்தேன், கர்நாடக இசையில் மும்மூர்த்திகளான தியாகராஜர், தீட்சிதர், சாஸ்திரி மூவரைத் தவிர அதிகம் பேசப்படாத யாரைக் கேட்கலாம் என்று. நிறையப் பேர் கோடீஸ்வர ஐயர் என்றீர்கள். நன்றி, இந்த ஒரு மாதமும் அவரோடுதான் போனது.

72 மேளகர்த்தாவுக்கும், அதாவது தாய் ராகங்கள் எல்லாவற்றுக்கும், தமிழில் கீர்த்தனை செய்தவர். பாடகர் எஸ். ராஜம் பாடிய பதிவுகளைத் தேடிப்பிடித்து, காரைக்குடி வீட்டில் ராத்திரி சாப்பாடு முடிந்து வளவில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஒன்றிரண்டாகக் கேட்டேன். 72-இல் 40 விவாதி மேளங்கள், அதாவது பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் உரசுகிற ராகங்கள், தோஷம் என்று பலர் ஒதுக்கியவை. கடைசி மேளமான ரசிகப்பிரியாவில் ‘அருள் செய்ய வேண்டும்’ வந்தபோது, ரிஷபமும் (ரி) காந்தாரமும் (க) அப்படி ஒட்டி நிற்பது முதலில் காதை உறுத்தியது, நாலாவது தடவை அதுதான் வேண்டியிருந்தது. அப்பத்தா கூட, “இன்னொரு தரம் வையி அப்பச்சி” என்றார்கள்.

அப்புறம்தான் கோடீஸ்வர ஐயர் பாட்டில் வைக்கும் கையெழுத்துப் பெயர், அவருடைய முத்திரை, ஏன் ‘கவிகுஞ்சரதாசன்’ என்று பார்த்தேன். தாத்தா கவி குஞ்சர பாரதி! நம்ம சிவகங்கை சமஸ்தானம் ஆதரித்த புலவர், ‘அழகர் குறவஞ்சி’ எழுதியவர். தமிழிசை இயக்கத்துக்கு ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் செய்ததை இங்கே எல்லோரும் சொல்வார்கள், இந்தப் பாரதியைப் பற்றி என்னிடம் யாரும் சொன்னதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

அடுத்து கவி குஞ்சர பாரதியின் பதங்கள்தான். நல்ல பதிவு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.