முதல் வருசம் 2.77: இனி மெடிசினுக்கு வழி எப்பிடி

வசந்தி: பிள்ளையள், சுகன்யான்ர யூனிவர்சிற்றி முதல் வருச மார்க்ஸ் வந்திட்டுது. அறையை விட்டு வெளியில வாறாளில்லை. மெடிசின் இனிச் சரிவராதாம். உண்மையோ?

கவிதா: சித்தி, முதல்ல மார்க்ஸைப் பாடம் பாடமாப் போடுங்கோ. மொத்தச் சராசரி வேண்டாம், அதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது.

வசந்தி: கெமிஸ்ட்ரி 64, 70. பயோ 72, 78. கல்குலஸ் 61, 68. பிசிக்ஸ் 73, 75. சைக்கோலொஜி 81. இங்கிலீஷ் 77.

சிவா: 61ஓ? ஸ்கூல்ல கணக்குக்கு 94 எடுத்த பிள்ளையெல்லோ

ரமணன்: மாமா, ஸ்கூல்ல அசைன்மென்ட், ப்ரொஜெக்ட், குவிஸ் எண்டு மார்க்ஸ் பரவிக் கிடக்கும். இங்க ஒரு மிட்டேர்மும் ஒரு ஃபைனலும் சேர்ந்தே முக்கால்வாசி. ஒரு சோதனை பிழைச்சால் பாடமே விழுந்திடும்.

கவிதா: கனடாவில எங்கட ஒன்ராறியோ மெடிக்கல் ஸ்கூல் எல்லாத்துக்கும் ஓம்சாஸ் எண்ட ஒரே இடத்தாலதான் அப்ளை பண்ணுறது. அவை ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியா 4.0 அளவுக்கு மாத்துவினம். 90உம் அதுக்கு மேலயும் 4.0. 85–89 எண்டால் 3.9. 80–84 எண்டால் 3.7. 77–79 எண்டால் 3.3. 73–76 எண்டால் 3.0. 70–72 எண்டால் 2.7. 67–69 எண்டால் 2.3. 63–66 எண்டால் 2.0. 60–62 எண்டால் 1.7. அவளின்ர பத்தையும் கூட்ட 27.7 வருது. பத்தால பிரிக்க 2.77. இதைத்தான் ஜிபிஏ எண்டுறது.

சிவா: அப்ப முடிஞ்சுது

கவிதா: பொறுங்கோ மாமா. உந்த 2.77 எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி எண்ணுப்படாது. அதுதான் இதில முக்கியமான விசயம்.

கவிதா: இனி வாற மூண்டு வருசமும் 3.9 எடுக்கிறாள் எண்டு வைப்பம். நாலு வருசமும் சேர்த்த மொத்த ஜிபிஏ 3.62. மக்மாஸ்ரர் இந்த மொத்தத்தைத்தான் பாக்கும். அங்க குறைஞ்சது 3.0 இருக்கவேணும், ஆனா உள்ள போறவையின்ர மார்க்ஸ் அதை விட எவ்வளவோ மேல. வெஸ்ரேர்ண் ஆகத் திறமான ரெண்டு வருசத்தை மட்டும் எடுக்கும், அப்ப 3.9. ஒட்டாவா கடைசி மூண்டு வருசத்தை எடுக்கும், அதிலயும் ஆகக் கடைசி வருசத்துக்கு மூண்டு மடங்கு, அதுக்கு முந்தினதுக்கு ரெண்டு மடங்கு, அதுக்கும் முந்தினதுக்கு ஒரு மடங்கு.

ரமணன்: இதில எல்லாரும் விழுற பள்ளம் ஒண்டு இருக்கு. நாலாம் வருசம் படிக்கேக்கயே அவசரப்பட்டு ஒட்டாவாவுக்குப் போட்டால், முடிச்ச வருசம் மூண்டுதான். முதல் வருசமும் கணக்கில வந்திடும். 2.77, 3.9, 3.9 எண்டு வைச்சால் 3.71. டிகிரி முடிச்சிட்டு அடுத்த ஒக்டோபர் போட்டால் முதல் வருசம் தானா வெளியில போயிடும், 3.9. ஒரு வருசம் பிந்தினதுக்கு இவ்வளவு வித்தியாசம்.

வசந்தி: ஒரு வருசம் சும்மா இருக்கிறதோ தம்பி? ஆக்கள் கேப்பினம்

ரமணன்: சும்மா ஏன் இருக்கிறா சித்தி. வேலை, ரிசேர்ச், எம்காட் எண்ட மெடிசின் நுழைவுச் சோதனை எண்டு அந்த வருசமே காணாது. கேக்கிற ஆக்கள் அப்ளிக்கேஷன் ஃபீஸ் கட்டப் போறேல்லையே 😄

கவிதா: ரொறொன்ரோ யூனிவர்சிற்றிக்குக் குறைஞ்சது 3.6 வேணும். ஒவ்வொரு வருசமும் பாடம் குறைக்காமல் எடுத்த பிள்ளையளுக்கு அவை படிச்ச வருசத்துக்கு ஒரு முழுப் பாடம் வீதம் ஆகக் குறைஞ்சதுகளைக் கழிச்சுப் பாப்பினம். நாலு வருசம் எண்டால் நாலு முழுப் பாடம், அதாவது ஒரு டேம்ல முடியிற அரைப் பாடம் எட்டு. சுகன்யான்ர கல்குலஸ், கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், பயோ எல்லாம் அதுக்குள்ளயே போயிடும். மிச்சம் 32 பாடத்துக்குக் கணக்குப் பாத்தால் 3.88 வருது. அங்க எடுபடுற பிள்ளையளின்ர சராசரி 3.9க்கு மேல எண்டதையும் மறக்கக்குடாது.

கவிதா: குயின்ஸ் இப்ப வேற மாதிரி. குறைஞ்சபட்சத் தகுதி இருந்தால் பேர் குலுக்கலுக்குள்ள போகும், அதில வந்தவையைத்தான் மேற்கொண்டு பாப்பினம். பிரம்ரனில டிஎம்யூ எண்ட யூனிவர்சிற்றியின்ர மெடிக்கல் ஸ்கூல் 2025இல புதுசாத் தொடங்கினது. 94 இடம், குறைஞ்சது 3.3, எம்காட் தேவையில்லை. ஒட்டாவாவும் வடக்கில இருக்கிற நொஸ்மும் கூட எம்காட் கேக்கிறேல்லை. நொஸ்ம் வடக்கு ஒன்ராறியோப் பிள்ளையளுக்குத்தான் முன்னுரிமை குடுக்கும், அதால அதை நம்பித் திட்டம் போடாதேங்கோ.

சிவா: பிரிட்டிஷ் கொலம்பியாவில இருக்கிற யூபிசில கூட ஆகக் குறைஞ்ச வருசத்தை விட்டிடுவினமாம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னவர்

ரமணன்: ஓம் மாமா, அந்த வருசத்தைக் கழிச்ச பிறகும் 90 கிரெடிட் இருந்தால் விடுவினம். ஆனா வெளிமாகாணப் பிள்ளையளுக்கு அங்க இடம் கொஞ்சம். ஒன்ராறியோவும் 2026இலயிருந்து தன்ர இடத்தில 95 வீதத்தை ஒன்ராறியோப் பிள்ளையளுக்கு ஒதுக்குது. நாங்கள் இருக்கிற இடமே எங்களுக்கு நல்லது.

சுகன்யா: அக்கா நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். கெமிஸ்ட்ரியையும் கல்குலஸையும் சமருக்குத் திருப்பி எடுக்கட்டோ?

கவிதா: எடுக்காதை குஞ்சு. ஓம்சாஸில பழைய மார்க்கும் நிக்கும், புதுசும் நிக்கும், ரெண்டும் கணக்கு. 64ஐ அழிக்கேலாது. அந்தக் காசையும் நேரத்தையும் புதுப் பாடத்தில போட்டு 85 எடுத்தால் அதே அளவு ஜிபிஏ ஏறும், டிகிரிக்கும் ஒரு பாடம் முடியும். பாடம் ஃபெயில் ஆகி, அடுத்த பாடத்துக்கு அது கட்டாயம் எண்டால் மட்டும்தான் திருப்பி எடுக்கிறது.

சுகன்யா: அப்ப செப்ரெம்பர்ல நாலு பாடம் மட்டும் எடுத்தால்? குறைய எடுத்தால் நல்லாச் செய்யலாம் எண்டு அட்வைசர் சொன்னவ

கவிதா: டிகிரிக்கு அந்த அட்வைஸ் சரி. மெடிசினுக்குப் பிழை. செப்ரெம்பரில இருந்து ஏப்ரலுக்குள்ள பத்து அரைப் பாடம், அதாவது டேமுக்கு அஞ்சு, இல்லாட்டி அந்த வருசத்தை வெஸ்ரேர்ண் திறமான வருசமா எடுக்காது. ரொறொன்ரோவின்ர கழிவும் போயிடும். அஞ்சு பாடத்தில ஒண்டை இடையில ட்ரொப் பண்ணினாலும் இதே கதைதான். ட்ரான்ஸ்கிரிப்ட்ல, பாடத்தை விட்டதைக் காட்டுற ஒரு டபிள்யூ நிக்கிறதால ஒருத்தரும் தள்ளிவிடமாட்டினம், பாடம் எண்ணிக்கை குறையிறதுதான் அடி.

ரமணன்: அதால அஞ்சு பாடத்தையும் யோசிச்சு அடுக்கவேணும். ஓர்கானிக் கெமிஸ்ட்ரி, பயோகெமிஸ்ட்ரி, பிசியோலொஜி, ஸ்டாட்ஸ் நாலையும் ஒரே டேம்ல போட்டால் திரும்பவும் இதே மார்க்ஸ்தான். ரெண்டு பாரமான பாடம், ஒரு நடுத்தரம், ரெண்டு வாசிச்சு எழுதுற பாடம். ரொறொன்ரோவுக்கு மனிதவியலோ சமூகவியலோ மொழியோ ஒரு முழுப் பாடமும், உயிரியல் பக்கத்தில ரெண்டு முழுப் பாடமும் கட்டாயம். அந்த எழுதுற பாடம் வீண் போகாது.

கவிதா: இன்னொண்டு. 79க்கும் 80க்கும் இடையில 0.4 கிடக்கு. 91க்கும் 99க்கும் இடையில ஒண்டுமில்லை. ஃபைனல் நேரம் ஒவ்வொரு பாடத்திலயும் இப்ப எத்தினை, 80க்கோ 85க்கோ ஃபைனல்ல எத்தினை வேணும் எண்டு எழுதிப் பார். சைக்கோலொஜி ஏற்கனவே 92இல நிண்டால் அதை விட்டிட்டு 78இல நிக்கிற பாடத்தில இரு. பிள்ளையள் பிடிச்ச பாடத்தையே திருப்பித் திருப்பிப் படிப்பினம், அதுதான் கரைச்சல்.

சுகன்யா: எனக்கு லாப் மார்க்ஸ் எல்லாம் 85, 90. மிட்டேர்ம்தான் 50களில.

ரமணன்: அப்ப பாடம் விளங்காததில்லை. சோதனைக்குப் பழகேல்லை. நோட்ஸை வடிவாத் திருப்பி எழுதினனீயோ? கலர் கலரா?

சுகன்யா: 🙈

ரமணன்: அதைத்தான் நினைச்சன். எழுதேக்க எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும். புத்தகத்தை மூடிப்போட்டு வெறும் தாளில கணக்கைத் தொடங்கச் சொன்னால் முதல் வரி வராது. பழைய ஃபைனல் பேப்பர்களை யூனிவர்சிற்றி லைப்ரரியில எடுக்கலாம். மணிக்கூடு வைச்சுச் செய், பிழைச்ச ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில காரணம் எழுது: தெரியேல்லை, தெரிஞ்சும் நேரம் காணேல்லை, கேள்வியைப் பிழையா வாசிச்சிட்டன். மூண்டுக்கும் மருந்து வேற வேற. இந்தக் கிழமையே கெமிஸ்ட்ரி ஃபைனல் பேப்பரைப் பாக்க விண்ணப்பம் போடு, பல இடங்களில அதுக்குக் கெடு இருக்கும்.

வசந்தி: பின்னேரத்தில கடையில வேலைக்கும் போறவள் தம்பி. கிழமைக்கு 20 மணித்தியாலம்

கவிதா: சித்தி அதைக் குறைக்கத்தான் வேணும். அஞ்சு பாடம், ரெண்டு லாப், 20 மணித்தியால வேலை, ஸ்காபரோவில இருந்து பஸ். இதுக்குள்ள 85 எடுக்கச் சொல்லி ஆரும் கேக்கேலாது. சமரில கூட வேலை செய்யட்டும், செப்ரெம்பருக்குப் பிறகு சனி ஞாயிறு மட்டும்.

சிவா: நான் ஒண்டு சொல்லட்டே. கரீபியன் பக்கம் விட்டால் என்ன? மார்க்ஸ் பெரிசாக் கேக்கமாட்டினமாம்

ரமணன்: உள்ள எடுக்கிறது லேசுதான் மாமா. திரும்பி வாறதுதான் பாடு. வெளிநாட்டில படிச்ச ஆக்கள் என்ஏசி எண்ட செய்முறைச் சோதனையும் கனடா மெடிக்கல் கவுன்சிலின்ர தகுதிச் சோதனையும் எழுதி, பயிற்சி இடங்களைப் பங்கிடுற கார்ம்ஸ் மூலமா ரெசிடென்சி, அதாவது டொக்டர் பயிற்சி இடம், எடுக்கவேணும். அவைக்கெண்டு ஒதுக்கின இடம் கொஞ்சம். ரெசிடென்சி கிடைக்காட்டி எம்டி இருந்தும் வேலை செய்யேலாது, கடன் மட்டும் நிக்கும். முதல் வருசம் முடிஞ்ச கையோட யோசிக்கிற விசயமில்லை இது. நாலு வருசத்துக்குப் பிறகும் இங்க கிடைக்காட்டி அப்ப கதைப்பம்.

வசந்தி: மாஸ்ரர்ஸ் செய்தால் மார்க்ஸ் சரிவருமோ?

கவிதா: மாஸ்ரர்ஸ் மார்க்ஸ் இளங்கலை ஜிபிஏயைத் தூக்காது சித்தி. சில இடங்களில சின்னச் சாதகம், அவ்வளவுதான்.

சுகன்யா: எம்காட் எப்ப எழுதுறது?

ரமணன்: மூண்டாம் வருசம் முடிஞ்ச சமர். பயோகெமிஸ்ட்ரியும் ஓர்கானிக்கும் முடிக்காமல் எழுதக்குடாது. மொத்தம் 472 தொடக்கம் 528, நாலு பகுதி, ஒவ்வொண்டும் 118 தொடக்கம் 132. வாழ்நாளில ஏழு தரம்தான் எழுதலாம், ஒரு வருசத்தில மூண்டு தரம். பழகிப் பாக்கிறதுக்கெண்டு போய் எழுதாதை, அந்த மார்க்கும் நிக்கும்.

ரமணன்: கார்ஸ் எண்ட வாசிப்புப் பகுதியை மட்டும் இண்டைக்கே தொடங்கலாம். மக்மாஸ்ரர் எம்காட்டில அந்த ஒண்டைத்தான் பாக்கும், 123க்குக் கீழ எண்டால் ஏற்காது. 90 நிமிசத்தில 9 பந்தி, 53 கேள்வி. ஒரு பந்திக்குப் பத்து நிமிசம். பாடப் புத்தகம் மாதிரி இராது, தத்துவம், கலை, சரித்திரம் எண்டு வரும். ஒரு மாசத்தில பழகேலாது. நாளைக்கு ஒரு நீளமான கட்டுரை வாசி, எழுதினவர் என்ன வாதாடுறார் எண்டு ஒரு வசனத்தில எழுது.

கவிதா: ஓம்சாஸ் பட்டியலுக்கு 16 வயசுக்குப் பிறகு செய்த வேலை, தொண்டு, ரிசேர்ச், விருது எல்லாம் சேர்த்து 32 போடலாம். ஒவ்வொண்டுக்கும் அதை உறுதிப்படுத்த ஒரு ஆள் வேணும். கடை மனேஜரின்ர பேரையும் நம்பரையும் இப்பவே ஒரு ஷீட்ல எழுதி வை. மூண்டு வருசத்தில அவர் வேற எங்கயோ போயிடுவார். கடை வேலையைக் கூச்சப்பட்டு விடாதை, அதுக்கும் மதிப்பிருக்கு.

சிவா: ஞாயிற்றுக்கிழமை திதிக்கு எல்லாரும் 11 மணிக்கு வரவேணும், மறக்காதேங்கோ

வசந்தி: ஓம் அண்ணா. சுகன்யா வெளியில வந்து சாப்பிடுறாள், பிளேட்டோட லப்டொப்பும்.

சுகன்யா: அக்கா, செப்ரெம்பர் பாடம் அஞ்சையும் போடுறன், சரியோ பாருங்கோ: ஓர்கானிக், பயோகெமிஸ்ட்ரி, ஸ்டாட்ஸ், ஜெனெடிக்ஸ், சோசியோலொஜி

கவிதா: ஓர்கானிக்கும் பயோகெமிஸ்ட்ரியும் சேரவேண்டாம். பயோகெமிஸ்ட்ரியை ஜனவரிக்குத் தள்ளு, அதின்ர இடத்தில தத்துவமோ சரித்திரமோ போடு, கார்ஸுக்கும் உதவும். ஸ்டாட்ஸ்ல ரெண்டு செக்ஷன் இருந்தால் குவிஸும் அசைன்மென்டும் கூட இருக்கிறதை எடு, ஃபைனல் 60 வீதம் எண்டால் தவிர். சிலபஸ் இன்னும் வரேல்லையெண்டால் போன வருசத்ததைப் பார்.

சுகன்யா: ஸ்டாட்ஸ் ஒரு செக்ஷன்ல ஃபைனல் 55, மற்றதில 40

கவிதா: 40ஐ எடு. காலமை 9 மணி வகுப்பெண்டாலும் எடு.