தோப்புக் குத்தகையும் என்விடியா பங்கும்

குடியாத்தத்துக்காரர்:
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன் நான். 2 ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. தை பிறந்தால் குத்தகைக்காரர் வருவார். கிளையைத் தாழ்த்திப் பூவைப் பார்ப்பார், ஒரு தொகை சொல்வார். வேலியோரம் நான் நட்ட 40 ஒட்டுக்கன்றுகளுக்கு அவர் கணக்கில் ஒரு ரூபாயும் கிடையாது. அவர்மேல் குறையில்லை, எடுப்பது ஒரு வருட மகசூல். பங்கு வாங்குகிறவன் தோப்பையே அல்லவா வாங்குகிறான்? வரைகலைச் சில்லில் எந்தக் கணக்கையும் போடவைக்கும் ‘கூடா’ என்ற மென்பொருள் தளத்தைச் சில்லு நிறுவனமான என்விடியா 2006இல் அறிவித்தது. 2007 உச்சத்திலிருந்து 2008 நவம்பருக்குள் பங்கு 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. கன்று ஏன் யார் கண்ணிலும் படவில்லை?

காட்பாடிக்காரி:
ஐயா, கன்று கணக்கேட்டில் ஏறினால்தானே கண்ணில் படும்? கட்டடம் கட்டினால் சொத்து. ஆராய்ச்சியாளருக்குக் கொடுத்த சம்பளமோ அமெரிக்கக் கணக்குமுறையில் அந்தக் காலாண்டின் செலவு. நிறையக் கன்று வைக்கிற நிறுவனம் ஏட்டில் ஏழையாகத் தெரியும். அதிலும் என்விடியா, விளையாட்டுக்காக வாங்குகிறவரின் சில்லிலும் கூடாவுக்கு இடம் வைத்தது. அடக்கவிலை ஏறியது, கேட்கத்தான் ஆளில்லை. 2012இல் படங்களை இனம்காணும் செயற்கை நுண்ணறிவான அலெக்ஸ்நெட்டை ஆராய்ச்சியாளர்கள் என்விடியாவின் இரண்டே ஜிடிஎக்ஸ் 580 வரைகலை அட்டைகளில் பயிற்றுவித்துக் காட்டிய பிறகே பிஞ்சு தெரிந்தது.

அமேசான் கதை வேறு. 2006இல் தொடங்கிய மேகக் கணினிச் சேவையின் லாபத்தை 2015 ஏப்ரலில்தான் தனியாகப் பிரித்துக் காட்டியது. மறுநாளே பங்கு சுமார் 14 சதவீதம் ஏறியது. மூட்டையை அவிழ்க்காமல் விலை கேட்டால் எப்படி?

ராணிப்பேட்டைக் கணக்கர்:
தங்கச்சி, 2008இல் உலகச் சந்தையே விழுந்தது. என்விடியாவின் மடிக்கணினிச் சில்லுகளிலும் பழுது வந்தது. எல்லாவற்றையும் சந்தையின் குருட்டுத்தனம் என்று எழுதிவிட முடியாது. இணைய வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோவின் பங்கைப் பாருங்கள்: 2000 மார்ச்சில் 80 டாலர், 2002இல் 10 டாலருக்கும் கீழே. இணையம் பெருகும் என்று நம்பியது சரிதான். கொடுத்த விலைதான் தவறு. அந்த 2000இல் நான் வாங்கிய மென்பொருள் பங்கின் பத்திரம் இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், வீட்டில் இப்போதும் சண்டை வரும்.

குடியாத்தத்துக்காரர்:
நியாயம், அண்ணா. என் 40இல் எத்தனை தேறும் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. போன வாரம்தான் ஒன்றை மாடு மிதித்துவிட்டது. ஆனால் இந்தத் தையில் 5 வருடக் குத்தகை பேசப்போகிறேன். மனிதர் வேலிப்பக்கம் நடக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.