கமக்கட்டு நிணநீர்க்கணு பரிசோதனை செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம், திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். சின்னம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கட்டி 3 சென்ரிமீற்றர், கிரேட் 3 (வேகமாக வளரக்கூடிய வகையாம்). கமக்கட்டு ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் கட்டி பெரிதாக இருந்தால், கிரேட் கூடினால், கட்டியைச் சுற்றியுள்ள நிணநீர்க் குழாய்களில் புற்றுக்கலங்கள் புகுந்திருந்தால் கணுக்களுக்குப் பரவும் வாய்ப்பு அதிகமாம். சிறு பரவல் ஸ்கானில் தப்பிவிடவும் கூடுமாம். அதனால் முதலில் நிணநீர் போய்ச்சேரும் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துப் பார்க்கும் சென்டினல் பரிசோதனையை வைத்தியர் சொல்கிறார். எல்லாக் கணுக்களையும் எடுத்தால் கை வீங்கிவிடுமோ என்பதுதான் சின்னம்மாவின் கவலை. நோயைவிட அதற்குத்தான் கூடப் பயப்படுகிறா!

மட்டக்களப்பிலோ மகரகம புற்றுநோய் வைத்தியசாலையிலோ இதைச் செய்துகொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: எத்தனை நாள் தங்க வேண்டிவந்தது? முடிவு வர எவ்வளவு காலம் எடுத்தது? கைக்கு என்ன பயிற்சி தந்தார்கள்? மகரகமவில் துணைக்குப் போகிறவர் தங்க மலிவான அறை தெரிந்தாலும் உதவி. மூலிகை, பத்தியம் மட்டும் தயவுசெய்து வேண்டாம், அதற்கு வீட்டிலேயே ஆட்கள் நிறைய.