தனியாக வந்த 16 வயது ஆப்கான் பையன்: எதைக் கேட்கணும், எதை எழுதணும்?

புதுப்பணியாளர்:
வணக்கம். இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின் குழந்தைகள் பிரிவில் வேலை. பெற்றோர் இல்லாமல் வந்து தஞ்சம் கோரியிருக்கும் 16 வயதுப் பையனின் ஃபைல் கைக்கு வந்திருக்கு. குழந்தைகள் சட்டம் 1989, பிரிவு 20-ன் கீழ் (பார்த்துக்கொள்ள யாரும் இல்லாத பிள்ளைக்குக் கவுன்சில் தங்க இடம் தரும் பிரிவு) ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிறான். பாஷ்டோ பேசுகிறான். ஊரை விட்டு ஏன் வந்தான் என்பதை எவ்வளவு தூரம் கேட்டு எழுதணும்? மேனேஜர் "எல்லாத்தையும் பதிவு பண்ணு" என்கிறார்.

நிழல்குடை:
அந்த "எல்லாத்தையும்" என்பதில்தான் சிக்கல். வந்த காரணத்தைக் கேட்டு எழுதுவது வழக்கறிஞரின் வேலை. நீங்க எழுதும் குறிப்பு, முக்கியமாக வயது மதிப்பீட்டு அறிக்கை, தஞ்சக் கோரிக்கையை முடிவு செய்யும் உள்துறை அமைச்சகத்தின் கைக்குப் போகலாம். அப்பா காணாமல் போனது 2020 என்று உங்க குறிப்பிலும், 2021 என்று அவனுடைய வாக்குமூலப் படிவத்திலும் இருந்தால், நேர்காணலில் அந்த ஒரு வருஷத்தைப் பிடித்துக்கொண்டுதான் உலுக்குவார்கள்.

நீங்க கேட்க வேண்டியது வேறு: தூக்கம், சாப்பாடு, உடம்பில் காயம், வீட்டில் யாரோடு தொடர்பு, பயணச் செலவுக் கடனை யாருக்குக் கட்டணும், யாரைக் கண்டால் பயம். கடன், மிரட்டல், கட்டாய வேலை என்று ஏதாவது தட்டுப்பட்டால் ஆள்கடத்தல் பரிந்துரை (பாதிக்கப்பட்டவர்களை அடையாளம் காணும் அரசு அமைப்புக்குப் போகும் படிவம்) அனுப்புங்க. 18-க்குக் கீழே என்றால் அதற்கு அவன் சம்மதம் தேவையில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் முதல் சில நாளிலேயே காணாமல் போவதுண்டு. போட்டோவும் போன் நம்பரும் அன்றைக்கே ஃபைலில் இருக்கணும்.

தானாகச் சொன்னால் தடுக்காதீங்க. அவன் வார்த்தையிலேயே, "சொன்னான்" என்று, தேதியும் எந்த மொழி வழியாக என்பதும் போட்டு எழுதுங்க.

வளர்ப்புக் குடும்பத்தில் சேர்ந்த முதல் வாரத்துக்குள் நேரில் பார்க்கணும். உடல்நல மதிப்பீடு, பராமரிப்புத் திட்டத்தைப் பார்க்கும் முதல் பரிசீலனைக் கூட்டம் இரண்டும் 20 வேலை நாளுக்குள் நடக்கணும். தடுப்பூசிச் சான்று இல்லையென்றால் எதுவும் போடவில்லை என்றே வைத்துத் தொடங்குவார்கள்.

நாட்காட்டி:
தேதி விஷயம் தனியாகச் சொல்லணும். ஆப்கான் பிள்ளைகள் பிறந்த வருஷத்தை அவர்கள் ஊர் சூரிய நாட்காட்டிப்படி 1388 என்கிற மாதிரி சொல்வார்கள். அது 2009 மார்ச் 21 முதல் 2010 மார்ச் 20 வரை. மாதம் தெரியாதபோது 01.01.2009 என்று போட்டுவிடுகிறார்கள். அந்தத் தேதி 1388-லேயே கிடையாது, 1387-ல் வருகிறது! பையனுக்கு இரண்டரை மாதமாவது வயது கூடிவிடும். 18 முன்கூட்டியே வந்துவிடும். அவன் சொன்ன வருஷத்தை அப்படியே எழுதி, மாற்றிய தேதியைப் பக்கத்தில் போடுங்க.

வயதில் உண்மையான சந்தேகம் இல்லாமல் மதிப்பீடு வேண்டாம். 2003-ல் வந்த மெர்டன் தீர்ப்பின்படி தாடியும் உயரமும் மட்டும் போதாது. இரண்டு பணியாளர்கள், சுயேச்சையான ஒரு பெரியவர், மொழிபெயர்ப்பாளர் இருக்கணும். முடிவு செய்யும் முன் பாதகமான அம்சங்களை அவனிடம் சொல்லிப் பதில் கேட்கணும். இந்தக் கடைசிப் படியைத் தாண்டிக் குதித்துத்தான் பல மதிப்பீடுகள் நீதிமன்றத்தில் விழுகின்றன.

புதுப்பணியாளர்:
நன்றி. தஞ்ச நேர்காணலுக்கு நான் போகலாமா? குடும்பத்தைத் தேட தூதரகத்துக்கு எழுதலாமா?

நிழல்குடை:
தூதரகம் கூடவே கூடாது. எந்த அரசிடமிருந்து ஓடி வந்தானோ அதன் கையில் குடும்பத்தின் முகவரியைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அவன் விரும்பினால், வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு, பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடல் பிரிவுக்குப் போங்க.

நேர்காணலில் அமைச்சகத்தைச் சேராத பொறுப்பான பெரியவர் ஒருவர் கூட இருந்தாகணும்; அது நீங்களாக இருக்கலாம். பதில் எடுத்துக் கொடுக்க முடியாது. களைத்துப் போனால், பேச்சுவழக்கு புரியாவிட்டால் நிறுத்தச் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளர் பேசுவது பாஷ்டோவா, ஆப்கானிஸ்தானின் இன்னொரு மொழியான தாரியா என்று முன்னாடியே உறுதி செய்யுங்க. ஒலிப்பதிவின் பிரதி கேளுங்க.

அகதி அந்தஸ்து மறுக்கப்பட்டு, தனியே வந்த சிறார்களுக்கான தங்கும் அனுமதி மட்டும் கிடைத்தால், அது 30 மாதம் அல்லது பதினேழரை வயது, எது முதலில் வருகிறதோ அதுவரைதான். காலாவதிக்கு முன்பே நீட்டிப்பு விண்ணப்பம் போகணும். மூன்று மாதம் முன்னாடியே வழக்கறிஞரைப் பிடியுங்க; இலவச சட்ட உதவி அலுவலகங்களில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.